கடற்கரை ஊரிலிருந்து மேடைக்கு: எழுதவும் பேசவும் பழகுவோருக்கு ஒரு வழிகாட்டி

ராமநாதபுரம் மாவட்டத்தில், தொண்டிக்கும் மூக்கையூருக்கும் இடையில் ஏதோ ஒரு கடற்கரை ஊரில் ஒன்பதிலிருந்து பன்னிரண்டாம் வகுப்புக்குள் படிக்கிறீர்களா? இது உங்களுக்குத்தான். ராமேஸ்வரம் தீவுப் பிள்ளைகளும் இதில் சேர்த்தி. நானும் இந்தப் பக்கத்து அரசுப் பள்ளியில் படித்தவள். கட்டுரை என்றால் கையேட்டைப் பார்த்து எழுதுவது, பேச்சு என்றால் யாராவது எழுதித் தந்ததை ஒப்பிப்பது, இவ்வளவுதான் எங்களுக்குத் தெரிந்திருந்தது. போட்டி நடந்த செய்தியே பெரும்பாலும் முடிந்த பிறகுதான் காதுக்கு வரும். எந்தத் தாளில் யார் கையெழுத்து வேண்டும் என்று சொல்ல ஆள் இல்லாமல் அலைந்து தெரிந்துகொண்டவற்றை இங்கே வரிசையாகத் தருகிறேன்.

செலவைப் பற்றிப் பயப்பட வேண்டாம். நோட்டு, நூலகக் காப்புத்தொகை, ஜெராக்ஸ், போட்டோ, பேருந்துக் கட்டணம் எல்லாம் சேர்ந்தாலும் ஆண்டுக்குச் சில நூறு ரூபாயில் முடியும். நேரம் தினமும் அரை மணி. தொடங்குவதற்கு நல்ல காலம் கோடை விடுமுறை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம் என்பதால், விசைப்படகுக்குப் போகிறவர்கள் வீட்டில் இருப்பார்கள். கேட்டு எழுத ஆள் கிடைப்பார்கள்.

1. வாயால் சொல்வதை முதலில் நோட்டில் இறக்குங்கள்

200 பக்க நோட்டு ஒன்று வாங்குங்கள். முதல் மாதம் ‘மரம் வளர்ப்போம்’, ‘நேரம் பொன் போன்றது’ மாதிரித் தலைப்புகள் பக்கமே போகாதீர்கள். அன்று பார்த்ததை அரைப் பக்கம் எழுதினால் போதும். ஆனால் அந்த அரைப் பக்கத்தில் மூன்று இருக்க வேண்டும்: ஒரு பொருளின் சரியான பெயர், ஓர் எண், யாராவது வாயால் சொன்ன ஒரு வாக்கியம். கரை ஏலத்தில் ஒரு கூடை சூடை மீன் என்ன விலைக்குப் போனது? கடல்பாசி எடுக்கப் போகிற சித்தி எத்தனை மணிக்குக் கிளம்பினார்? திரும்பி வந்ததும் முதலில் என்ன சொன்னார்? தெரியாவிட்டால் போய்க் கேளுங்கள். கேட்கப் போவதே பேச்சுப் பயிற்சியில் பாதி.

எழுதும்போது பேசுவது போலவே வரும். வரட்டும். “காலைலயே கச்சான் கெளம்பிருச்சு, அதான் யாரும் கடலுக்குப் போவல” என்று எழுதிவிட்டு, அதன் கீழே இன்னொரு முறை எழுதுங்கள்: “காலையிலேயே கச்சான் கிளம்பிவிட்டது. அதனால் யாரும் கடலுக்குப் போகவில்லை.” மாறியது பெரும்பாலும் வினைகளின் வடிவம்தான். கச்சான் என்ற காற்றின் பெயர் அப்படியே இருக்கிறது. நான் பிடித்துக்கொண்ட விதி இதுதான்: பெயர்ச்சொல் நம் ஊருடையதாக இருக்கலாம், வினைமுற்று மட்டும் எழுத்துத் தமிழில் இருக்கட்டும். வாடை, கொண்டல் என்ற காற்றுகள், வல்லம் என்ற படகு, கரைவலை எல்லாம் கட்டுரைக்குள் தாராளமாக வரலாம்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. மேலே உள்ள வாக்கியத்தை ‘நன்றாக’ எழுதச் சொன்னால் பலரும் “இயற்கை அன்னையின் சீற்றத்தால் மீனவப் பெருமக்களின் வாழ்வாதாரம் கேள்விக்குறியானது” என்று எழுதுவார்கள். இதில் எந்தக் காற்று, எந்த நாள், யார் போகவில்லை என்று எதுவுமே தெரியவில்லை. நூறு விடைத்தாளில் இதே வரியைப் பார்க்கிற ஆசிரியர் நூற்றொன்றாவதையும் படிக்காமலே தாண்டிப் போவார்.

2. வாரம் ஒரு நாள் பிழை பார்க்க மட்டும்

எழுதுகிற அன்றே பிழை பார்க்காதீர்கள், கை நின்றுவிடும். ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் ஒதுக்கி அந்த வாரப் பக்கங்களைச் சிவப்பு மையால் பாருங்கள். நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இரண்டு இடங்களில்தான் அதிகம் வழுக்கும்.

ஒன்று ழகரம். நாம் பேசும்போது ‘ழ’ பல நேரம் ‘ள’ ஆகிவிடும். எழுத்திலும் அது ஏறிவிடும். மரம் என்றால் வாழை, மீன் என்றால் வாளை. இப்படி இணை இணையாகக் கடைசிப் பக்கத்தில் பட்டியல் போடுங்கள்: பழம்–பள்ளம், அழகு–அளவு, விழி–விளி. தினமும் சத்தமாக ஒரு முறை படியுங்கள். எழுத்துப் பிழையும் உச்சரிப்பும் சேர்ந்தே திருந்தும்.

இரண்டாவது ஒற்று. இலக்கண நூலில் நிறைய விதிகள் உண்டு. முதலில் நான்கை மட்டும் பிடியுங்கள். அந்த, இந்த, எந்த என்பவற்றுக்குப் பிறகு க, ச, த, ப வந்தால் ஒற்று வரும்: அந்தப் படகு, இந்தக் கரை. ‘ஐ’ உருபுக்குப் பிறகு வரும்: வலையைத் தைத்தார். ‘கு’ உருபுக்குப் பிறகு வரும்: கடலுக்குப் போனார். வந்த, போன, பெரிய போன்ற சொற்களுக்குப் பிறகு வராது: வந்த படகு, பெரிய கப்பல். இந்த நான்கிலேயே பிழைகளில் பெரும்பகுதி அடங்கிவிடும்.

தமிழ் ஆசிரியரிடம் காட்டும்போது முழு நோட்டையும் நீட்டாதீர்கள். ஒரே ஒரு பக்கம், இடைவெளி விட்டு எழுதியது, மதிய இடைவேளையில். முழு நோட்டு என்றால் “வைத்துவிட்டுப் போ, பார்க்கிறேன்” என்பார்கள். அது மேசையிலேயே கிடக்கும்.

3. நூலக அட்டை

உங்கள் ஊருக்குப் பக்கத்தில் கிளை நூலகமோ ஊர்ப்புற நூலகமோ இருக்கும். ராமநாதபுரத்தில் மாவட்ட மைய நூலகம் இருக்கிறது. படிவம் அங்கேயே கிடைக்கும். முகவரிக்கு ஆதார் அல்லது குடும்ப அட்டை நகல் கொண்டு போங்கள். பள்ளி அடையாள அட்டையும் கையில் இருக்கட்டும். காப்புத்தொகையும் ஆண்டுச் சந்தாவும் கட்ட வேண்டும். காப்புத்தொகை திரும்பக் கிடைக்கக் கூடியது என்பதால் ரசீதைத் தொலைக்காதீர்கள்.

கிளை நூலகங்களுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. வெளியூரிலிருந்து வந்து பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்புகிறவர்கள் நிறையப் பேர். மற்ற நாட்களிலும் மதியம் சில மணி நேரம் மூடியிருக்கும். வேலை நேரத்தை வாசல் பலகையில் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

அங்கே போய் என்ன படிப்பது? நாளிதழின் நடுப்பக்கக் கட்டுரையில் ஒன்று. அதைப் படித்து முடித்ததும் மூடி வைத்துவிட்டு, கட்டுரையாளர் என்ன சொல்கிறார் என்று மூன்றே வாக்கியங்களில் எழுதுங்கள். ஒன்பதாம் வகுப்பு என்றால் பள்ளிக் கல்வித் துறை நடத்தும் ‘தேன்சிட்டு’ இதழ் உங்கள் பள்ளிக்கே வரும். மாணவர்கள் எழுதியதையும் அதில் போடுகிறார்கள். முதல் படைப்பை அனுப்ப அது நல்ல இடம்.

4. பேச்சு: ஒப்பிப்பதை விடுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும்தான் கடைப்பிடிப்பீர்கள் என்றால் இதைக் கடைப்பிடியுங்கள். மனப்பாடப் பேச்சு ஒரு சொல் மறந்தால் மொத்தமாக நின்றுவிடும். நடுவர்களுக்கும் அது முதல் அரை நிமிடத்திலேயே தெரிந்துபோகும். கை ஒரே இடத்தில் உயரும், குரல் ஒரே இடத்தில் நடுங்கும், கண் எங்கோ சுவரைப் பார்க்கும். மனப்பாடம்தான் உங்களுக்கு நன்றாக வரும் என்றால் அதற்கென்றே திருக்குறள் முற்றோதல் இருக்கிறது. 1330 குறளையும் ஒப்பிக்கிற மாணவர்களுக்கு அரசு 15,000 ரூபாய் பரிசு தருகிறது. அந்தத் திறமையை அங்கே காட்டுங்கள்.

பேச்சுக்கு நான் சொல்கிற முறை சீட்டு. பழைய நோட்டுத் தாளைக் கிழித்துத் தலைப்புகளை எழுதி ஒரு டப்பாவில் போடுங்கள்: கைபேசி, பாம்பன் பாலம், கடல் அரிப்பு, பெண் கல்வி, பிளாஸ்டிக், தாய்மொழி. தினமும் ஒன்று எடுங்கள். ஐந்து நிமிடம் யோசித்து நான்கு குறிப்புச் சொற்களை மட்டும் எழுதுங்கள். பிறகு மூன்று நிமிடம் பேசி கைபேசியில் பதிவு செய்யுங்கள். கரையில் நின்று பதிவு செய்தால் காற்று மைக்கில் அடித்து ஒன்றும் கேட்காது. வீட்டுச் சுவர் மறைவே போதும். உங்கள் குரலை நீங்களே கேட்பது முதல் வாரம் கூச்சமாக இருக்கும். அப்புறம் பழகிவிடும். கேட்கும்போது மூன்றை மட்டும் கவனியுங்கள்: ‘வந்து’, ‘அதாவது’ எத்தனை முறை வந்தது, வாக்கியம் முடியும் இடத்தில் குரல் விழுங்கப்படுகிறதா, ‘ழ’ ஒழுங்காக வந்ததா.

வணக்கம் சொல்வதில் ஓர் ஆபத்து. “அவைத் தலைவர் அவர்களே, ஆன்றோர்களே, சான்றோர்களே, அறிவிற் சிறந்த நடுவர் பெருமக்களே” என்று அடுக்கி, அப்புறம் தமிழ்த்தாயைப் பாடி முடிக்கும்போது ஒரு நிமிடம் போயிருக்கும். மூன்று நிமிடப் பேச்சில் அது மூன்றில் ஒரு பங்கு. “அனைவருக்கும் வணக்கம்” போதும். அடுத்த வாக்கியத்தில் விஷயத்துக்கு வாருங்கள்.

பேச்சில் சொல்வதை நிறுவுவதற்குச் சான்று வேண்டும். நோட்டில் ‘சான்றுப் பக்கம்’ என்று ஒன்று வையுங்கள். நம் மாவட்டமே பெரிய கிடங்கு. மன்னார் வளைகுடா கடல்வாழ் தேசியப் பூங்காவில் 21 தீவுகள். பழைய பாம்பன் ரயில் பாலம் 1914இல் திறக்கப்பட்டது. புதிய பாலம் 2025 ஏப்ரல் 6 அன்று. தனுஷ்கோடியைப் புயல் அழித்தது 1964 டிசம்பரில். அப்துல் கலாம் ராமேஸ்வரத்திலிருந்து வந்து ராமநாதபுரம் ஸ்வார்ட்ஸ் பள்ளியில் படித்தவர். இப்படி முப்பது வரி சேர்ந்தால் எந்தத் தலைப்புக்கும் இரண்டு பொருந்தும். ஆனால் ஒவ்வொன்றையும் புத்தகத்திலோ நாளிதழிலோ சரிபார்த்துவிட்டு எழுதுங்கள். கைபேசியில் சுற்றி வருகிற செய்தியை மேடையில் சொல்லி மாட்டிக்கொண்டவர்கள் உண்டு.

காது பழகுவதற்குப் பாம்பனிலிருந்து ஒலிபரப்பாகும் ‘கடல் ஓசை’ சமுதாய வானொலியைக் கேளுங்கள், 90.4இல் வரும். மீனவர்களுக்காக நடத்துவது. நம் ஊர்ப் பேச்சை மைக்கில் எப்படித் தெளிவாகச் சொல்வது என்பதற்கு வேறு பாடம் தேவையில்லை.

கூட்டத்தின் முன் நிற்கிற பயம் போக எளிய வழி, காலை வழிபாட்டுக் கூட்டத்தில் செய்தி வாசிப்பது. யாரும் விரும்பிக் கேட்டு வாங்காத வேலை என்பதால் கேட்டால் உடனே கிடைக்கும். அதற்கடுத்து பள்ளி இலக்கிய மன்றம்.

5. ஆங்கிலம் பற்றிக் கொஞ்சம்

தமிழில் மூன்று நிமிடம் வரிசையாகப் பேச வராதவருக்கு ஆங்கிலத்திலும் வராது. ஆகவே தமிழை முடித்துவிட்டு வாருங்கள். சீட்டு முறையே ஆங்கிலத்துக்கும் போதும். மூன்று நிமிடத்துக்குப் பதில் ஒரு நிமிடம். ‘முப்பது நாளில் சரளமாக’ என்று விளம்பரம் செய்கிற வகுப்புகளில் முழுக் கட்டணத்தையும் முன்பணமாகக் கட்டாதீர்கள். நான் சேர்ந்த ஒன்றில் இலக்கணத் தாள்களை நிரப்பியதுதான் மிச்சம், ஒருநாளும் பேசவிடவில்லை. முதலில் ஒரு வகுப்பில் சும்மா உட்கார்ந்து பாருங்கள். அந்த ஒரு மணி நேரத்தில் மாணவர்கள் வாய் திறந்தார்களா என்று மட்டும் கவனியுங்கள்.

6. எந்தப் போட்டி, எப்போது

பயிற்சிக்குக் கெடு வேண்டும். அதற்காகத்தான் போட்டி. பரிசு கிடைத்தால் நல்லது.

தமிழ் வளர்ச்சித் துறை மாவட்ட அளவில் நடத்துவதுதான் முக்கியமானது. இதில் இரண்டு வகை உண்டு, குழப்பிக்கொள்ளாதீர்கள். முதல் வகை, பதினொன்று பன்னிரண்டாம் வகுப்புக்கான கவிதை, கட்டுரை, பேச்சுப் போட்டி. முதல் மூன்று பரிசு 10,000, 7,000, 5,000 ரூபாய். தலைப்பை அங்கேயே அப்போதுதான் சொல்வார்கள். சீட்டுப் பயிற்சி செய்தவர்கள் வெல்கிற இடம் இது. இரண்டாவது வகை, காந்தி, நேரு, அம்பேத்கர், பெரியார், அண்ணா, கலைஞர் ஆகியோரின் பிறந்தநாளை ஒட்டிய பேச்சுப் போட்டிகள். தலைப்புகள் முன்பே அறிவிக்கப்படும். பரிசு 5,000, 3,000, 2,000. இவற்றோடு அரசுப் பள்ளி மாணவர் இருவருக்குத் தலா 2,000 ரூபாய் சிறப்புப் பரிசும் உண்டு. பெரியார், அண்ணா பிறந்தநாட்கள் செப்டம்பரில், காந்தி அக்டோபரில், நேரு நவம்பரில் வருவதால் அந்த மூன்று மாதமும் காதைத் திறந்து வைத்திருங்கள். ஜூலை 18 தமிழ்நாடு நாளை ஒட்டியும் கட்டுரை, பேச்சுப் போட்டிகள் நடக்கும். தொகைகள் மாறலாம், அந்தந்த ஆண்டு அறிவிப்பைப் பாருங்கள்.

அரசுப் பள்ளிகளின் கலைத் திருவிழா பள்ளி, வட்டாரம், மாவட்டம், மாநிலம் என்று படிப்படியாகப் போகும். பள்ளி அளவில் பெயர் கொடுக்காவிட்டால் மேலே வழியே இல்லை.

பதினொன்றாம் வகுப்பினருக்குத் தமிழ் மொழி இலக்கியத் திறனறித் தேர்வு இருக்கிறது. பத்தாம் வகுப்புத் தமிழ்ப் பாடத்திலிருந்து கேள்விகள். தேர்வாகும் 1500 பேருக்கு மாதம் 1500 ரூபாய் வீதம் இரண்டு ஆண்டுகள் கிடைக்கும். கட்டணம் 50 ரூபாய். பத்தாம் வகுப்புப் புத்தகத்தைக் கோடை விடுமுறையில் யாருக்கும் தூக்கிக் கொடுத்துவிடாதீர்கள்.

மேடையே வேண்டாம், எழுத மட்டும்தான் ஆசை என்றால் அஞ்சல் துறையின் ‘டாய் அக்கர்’ கடிதப் போட்டி. ஆண்டுக்கு ஒரு தலைப்பு. தமிழிலேயே கையால் எழுதலாம். உள்நாட்டுக் கடிதத்தாள் என்றால் 500 சொல்லுக்குள், உறைக்குள் வைக்கும் ஏ4 தாள் என்றால் 1000 சொல்லுக்குள். கடிதத்தாளின் விலை இரண்டரை ரூபாய், அஞ்சல் உறை 5 ரூபாய். மாநில முதல் பரிசு 25,000. பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர் என்று கடிதத்தில் எழுதி உறுதி கூற வேண்டும், பலர் விட்டுவிடுவது இதைத்தான். கடைசி நாளில் ஊர்ச் சிவப்புப் பெட்டியில் போடாதீர்கள். பெட்டி திறப்பது மறுநாளாக இருக்கலாம். அஞ்சலகத்துக்கே போய்க் கொடுங்கள்.

இந்த அறிவிப்புகள் மாவட்ட ஆட்சியரின் செய்திக் குறிப்பாக நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் வரும், மாவட்ட இணையதளத்திலும் வரும். பள்ளிக்குச் சுற்றறிக்கை வரும்தான். ஆனால் அது அலுவலக அறைக்கும் வகுப்பறைக்கும் நடுவில் எங்கேயாவது தங்கிவிடும். வாரம் ஒரு முறை தமிழ் ஆசிரியரிடம் “ஐயா, ஏதாவது போட்டி வந்திருக்கா?” என்று கேட்பதில் வெட்கம் வேண்டாம். ஒரு பள்ளியிலிருந்து குறைந்த பேரைத்தான் அனுப்ப முடியும். அறிவிப்பு வந்ததும் ஆசிரியர் மனதில் முதலில் வருவது கேட்டுக்கொண்டே இருந்த பிள்ளையின் பெயர்தான்.

7. காகிதங்கள்

ஒரு பிளாஸ்டிக் உறையில் ஜூன் மாதமே எடுத்து வையுங்கள்: ஆதார் நகல், பள்ளி அடையாள அட்டை நகல், பாஸ்போர்ட் அளவுப் போட்டோ நான்கு, உங்கள் பெயரிலுள்ள வங்கிக் கணக்குப் புத்தகத்தின் முதல் பக்க நகல்.

விண்ணப்பத்தில் தலைமையாசிரியரின் கையெழுத்தும் பள்ளி முத்திரையும் வேண்டும். இதில்தான் நாள் போகும். தலைமையாசிரியர் கூட்டத்துக்கு ராமநாதபுரம் போயிருப்பார், இல்லை முத்திரை வைத்திருக்கிற அலமாரிச் சாவி வேறொருவரிடம் இருக்கும். கடைசித் தேதிக்கு நான்கு நாள் முன்பே வாங்கிவிடுங்கள். கையெழுத்தானதும் நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

பெயரைச் சரிபாருங்கள். பள்ளிப் பதிவேட்டில் முன்னெழுத்து முன்னால் இருக்கும், ஆதாரில் அப்பா பெயர் பின்னால் முழுதாக இருக்கும், வங்கியில் எழுத்துக் கூட்டல் வேறாக இருக்கும். மூன்றும் ஒன்றாக இல்லையென்றால் பரிசுப் பணம் வாங்கும்போது சிக்கும்.

8. போட்டி நாள்

பெரும்பாலும் ராமநாதபுரத்தில், காலையில் தொடங்கும். ராமேஸ்வரத்திலிருந்து பேருந்தில் ஒன்றரை மணி நேரமாவது ஆகும். தொண்டி, சாயல்குடிப் பக்கமிருந்தும் ஏறக்குறைய அப்படித்தான். முதல் பேருந்தைப் பிடியுங்கள். மாணவிகள் சாதாரண நகரப் பேருந்தில் கட்டணமின்றிப் போகலாம், ஆனால் தூரப் பேருந்துக்குச் சில்லறை வேண்டும். யாராவது பெரியவர் கூட வருவது நல்லது. முடிவு சொல்ல மாலையாகிவிடுவது உண்டு.

இரண்டு பேனா, எழுதும் அட்டை, தண்ணீர், சாப்பாடு எடுத்துப் போங்கள். கட்டுரை என்றால் முதல் பத்து நிமிடம் எழுதாதீர்கள், குறிப்பு மட்டும் போடுங்கள். பக்கத்தில் இருப்பவர் கூடுதல் தாள் வாங்குவதைப் பார்த்துப் பதற்றமாகும். சரி, ஆகட்டும். பேச்சு என்றால் முன்னால் பேசுகிற மூன்று பேரைக் கவனியுங்கள். அவர்கள் எல்லோரும் சொல்லிவிட்டதை உங்கள் குறிப்பிலிருந்து அடித்துவிட்டு, சான்றுப் பக்கத்திலிருந்து வேறொன்றை வையுங்கள். மணி அடித்தால் பாதி வாக்கியத்திலேயே நிறுத்தாமல், அந்த வாக்கியத்தை முடித்து “நன்றி” சொல்லி இறங்குங்கள்.

9. பரிசு கிடைத்தால்

பணம் காசோலையாகவோ வங்கிக் கணக்குக்கோ வரும். காசோலையில் உங்கள் பெயர் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று வாங்கிய இடத்திலேயே பாருங்கள். தப்பாக இருந்தால் வீட்டுக்குக் கொண்டு போகாமல் அங்கேயே சொல்லுங்கள். காசோலை எழுதிய தேதியிலிருந்து மூன்று மாதம்தான் செல்லும். சட்டம் போட்டு மாட்டி வைத்துவிட்டு அப்புறம் வங்கிக்குப் போனால் வாங்க மாட்டார்கள். கணக்கு இல்லையென்றால் பத்து வயது நிறைந்தவர்கள் தங்கள் பெயரிலேயே தொடங்கலாம். ஆதார், போட்டோ, பள்ளிச் சான்று கேட்பார்கள், பெற்றோர் ஒருவரையும் கூட்டிப் போங்கள். கல்வி உதவித்தொகைக்காகப் பள்ளியில் ஏற்கெனவே தொடங்கிய கணக்கு இருந்தால், அது செயல்பாட்டில் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். நீண்ட நாள் பணம் போடாமலும் எடுக்காமலும் இருந்தால் முடங்கிக் கிடக்கும். ஆதார் நகலோடு ஒரு விண்ணப்பம் எழுதிக் கொடுத்தால் திறந்துவிடுவார்கள். அந்த விண்ணப்பத்தை நீங்களே எழுதுங்கள்.